பக்கவாதம் வந்த வீட்டில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் வீடு வீடாகப் போய்ப் பக்கவாதம் வந்தவர்களை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான், சுருக்கமாக ஓ.டி. டாக்டரம்மா என்று கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை. போனதும் கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. "நேத்து எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்பேன். பதில் பெரும்பாலும் மனைவியிடமிருந்தோ மருமகளிடமிருந்தோ வரும்: "அவரு என்ன செய்வாரு, படுத்துத்தான் கெடந்தாரு." பிறகு அவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்பேன். அதற்குச் சட்டென்று பதில் வந்ததே இல்லை.

அப்படிப்பட்ட வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இவை. மாத்திரை, மருந்தளவு பற்றி இதில் எதுவும் இல்லை. அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆச்சு. கால் கொஞ்சம் வருது, கை வரவே இல்ல. எப்ப வரும்?

கையை விடக் கால் முந்திக்கொள்வது வழக்கம்தான். இடுப்பும் முழங்காலும் ஓரளவு தாங்கினால் நாலு எட்டு வைத்துவிடலாம். சட்டைப் பொத்தான் போட விரல்கள் தனித்தனியாகச் சொன்னபடி கேட்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். அதற்காக "ஆறு மாசத்தோட எல்லாம் முடிஞ்சுது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

2006-இல் வெளியான எக்சைட் என்ற அமெரிக்க ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரைச் சேர்த்தார்கள். அதில் ஒரு பிரிவினருக்கு நல்ல கையில் உறை மாட்டி, இரண்டு வாரம் பலவீனமான கையாலேயே வேலை செய்யப் பழக்கினார்கள். அவர்களுடைய கை மற்றவர்களைவிட நன்றாகத் தேறியது. ஒரு வருடம் கழித்தும் அந்தத் தேர்ச்சி இருந்தது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது விரிக்க முடிந்தவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். அசைவே இல்லாத கையை வைத்துக்கொண்டு நல்ல கையைக் கட்டிப் போடுவது கொடுமை. நீங்களாக அதை முயன்று பார்க்காதீர்கள்.

உங்கள் கேள்விக்கு நாள் குறித்துத் தர என்னால் முடியாது. ஆனால் "கை வந்த பிறகு பாத்துக்கலாம்" என்று நீங்கள் தள்ளிப் போட்டிருக்கும் காரியங்களைச் சொல்லுங்கள். குளியல், கோயில், பேரனோடு கேரம், எதுவானாலும் சரி. அவற்றில் பாதியை இந்தக் கையோடேயே இந்த வாரம் தொடங்கிவிடலாம்.

பிசியோ வர்றாங்க. அப்புறம் எதுக்கு ஓ.டி.?

பிசியோ எழுந்து நிற்கவும் நடக்கவும் பழக்குவார். நடந்து போய் என்ன செய்வது என்பது என் பாடு. பல ஊர்களில் ஓ.டி. கிடைப்பதே அரிது. அங்கே பிசியோவிடமே "பல் தேய்க்கப் பழக்குங்க, லுங்கி கட்டப் பழக்குங்க" என்று கேளுங்கள், செய்வார்.

டிஸ்சார்ஜ் சீட்டுல "பார்த்தல் 45" னு எழுதியிருக்கு. பாஸ் மார்க்கா, ஃபெயிலா?

மார்க் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். 1965-இல் அமெரிக்காவில் மஹோனி, பார்த்தல் என்ற இருவர் வெளியிட்ட அளவுகோல் அது. சாப்பிடுவது, குளிப்பது, முகம் கழுவித் தலை சீவுவது, உடுத்துவது, மலத்தை அடக்குவது, சிறுநீரை அடக்குவது, கழிப்பறை போய் வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படி ஏறுவது என்று பத்து வேலைகள். மொத்தம் 100. 45 என்றால் பல வேலைகளுக்கு ஆள் துணை வேண்டும் என்று பொருள். மாதம் ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்தால் எங்கே முன்னேறியிருக்கிறார் என்று தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். 100-க்கு 100 வாங்கியவர் வீட்டை விட்டு வெளியே போகாமல், யாரிடமும் பேசாமல், டி.வி. முன்னால் உட்கார்ந்தே காலம் தள்ளலாம். டீக்கடை, மார்க்கெட், வரவு செலவுக் கணக்கு, போனில் தங்கச்சியோடு வம்பு எதுவும் அந்தப் பத்தில் இல்லை. அதனால்தான் சமையல், கடை கண்ணி, பணம், போன் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கும் அளவுகோலை லாட்டனும் பிராடியும் 1969-இல் தனியாகக் கொண்டுவந்தார்கள். வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. டீனரும் அவர் கூட்டாளிகளும் 1985-இல் வெளியிட்ட அளவுகோலில் ஐந்தே வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை போடலாம், கூட்டினால் அதிகபட்சம் 35. அந்த ஐந்திலும் கை, கால் என்ற பேச்சே இல்லை. நாற்காலியை விட்டு எழ முடியாதவர் 28 போட்டதையும், மாடிப்படி ஏறுகிறவர் 9 போட்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

வலது கை விழுந்துடுச்சு. இடது கையால சாப்பிட மாட்டேங்கிறார், ஊட்டி விட்டாலும் கூச்சப்படுறார். என்ன செய்றது?

வெளிநாட்டுப் புத்தகங்களில் இதற்கு விடை கிடைக்காது, ஏனென்றால் அங்கே இந்தக் கேள்வியே எழுவதில்லை. நமக்குச் சோற்றுக் கை ஒன்று, பீச்சாங்கை ஒன்று. சின்ன வயதில் இடது கையால் தட்டைத் தொட்டாலே மண்டையில் குட்டு விழும். எழுபது வயதில் "பரவாயில்ல, அந்தக் கையால சாப்பிடுங்க" என்றால் எப்படி இறங்கும்?

நான் செய்வது இது. இடது கையில் ஸ்பூனைக் கொடுப்பேன். விரலால் பிசைந்து சாப்பிடுவதில் இருக்கும் கூச்சம் ஸ்பூனில் பாதியாகக் குறைகிறது. கைப்பிடி தடித்த ஸ்பூன் வேண்டும். சாதாரண ஸ்பூனிலேயே துணி சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாலும் போதும். தட்டுக்குப் பதில் விளிம்பு உயர்ந்த கிண்ணம். அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. சாதத்தைக் கொஞ்சம் குழைய வடியுங்கள். முதல் சில நாள் தனியாக உட்கார்ந்து பழகட்டும், குடும்பமே சுற்றி நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். பழகிய பிறகு எல்லாரோடும் உட்கார வையுங்கள். நாலு பருக்கை சட்டையில் சிந்தும். சிந்தட்டும், துண்டு போட்டுக்கொள்ளலாம்.

இடது கை விழுந்தவர்களின் சங்கடம் வேறு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கழுவுவதற்கு இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, அல்லது சோற்றுக் கையாலேயே கழுவ வேண்டியிருக்கிறது. ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருவர் இதற்காகவே ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டார். மருமகளுக்கு வேலை வைக்கக் கூடாதாம். மலச்சிக்கல் வந்து, உடம்பு இளைத்து, கடைசியில் விஷயம் வெளியே வந்தது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் அவருடைய வலது கைக்கு எட்டும் பக்கம் ஹேண்ட் ஷவர் ஒன்றைப் பொருத்தினோம், எட்டும் தூரத்தில் சோப்பு வைத்தோம். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மறுநாளிலிருந்து ராத்திரி இட்லி சாப்பிட ஆரம்பித்தார்.

குளிப்பாட்டுறதுக்கே ரெண்டு பேர் வேண்டியிருக்கு. பாத்ரூம்ல என்ன மாத்தணும்?

முதலில் நாற்காலி. வழுக்காமல் அடியில் ரப்பர் போட்ட, கை வைத்த நாற்காலி. உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். பக்கெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள், குனிந்து மொள்ளும்போதுதான் சாய்கிறார்கள். நல்ல கைப் பக்கச் சுவரில் கம்பி பதியுங்கள். டவல் கம்பியைப் பிடித்தால் ஆணியோடு கையில் வந்துவிடும், அது வேண்டாம். இந்தியன் டாய்லெட் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதன் மேலேயே போடும் ஓட்டை நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. கதவுக்கு உள் தாழ்ப்பாள் கூடவே கூடாது.

வெந்நீர்ச் சூட்டை நல்ல கையால் தொட்டுப் பாருங்கள். விழுந்த கைக்குச் சூடு தெரியாமல் போயிருக்கலாம்.

ஒரு குறையும் வைக்கல. பல் தேய்க்கிறதுல இருந்து எல்லாம் நாங்களே செஞ்சு விடுறோம். ஆனாலும் முகத்துல ஒரு சந்தோஷம் இல்லையே?

குறை அங்கேதான் இருக்கிறது என்று சொன்னால் கோபப்படுவீர்கள். அன்பில்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். நேரமும் மிச்சம். நீங்கள் சட்டை போட்டுவிட்டால் இரண்டு நிமிடம், அவரே போட்டால் இருபது நிமிடம். காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆபீஸ் போகிறவர்களும் இருக்கிற வீட்டில் இருபது நிமிடத்துக்கு எங்கே போவது?

அதனால் எல்லாவற்றையும் அவரே செய்யட்டும் என்று நான் சொல்வதில்லை. சட்டை போடுவது அவர் வேலை, செருப்பு மாட்டுவது உங்கள் வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். எதைத் தன் கையில் வைத்துக்கொள்வது என்று அவர் முடிவு செய்யட்டும். சட்டைக்கு ஒரு வழி: விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கை கடைசியில் வர வேண்டும். வேட்டிக்கு ஒட்டுப் பட்டி வைத்தது கடைகளிலேயே கிடைக்கிறது. பெண்களுக்கு முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி. சேலைதான் வேண்டும் என்றால் மடிப்பைத் தைத்து வைத்துக் கொக்கி மாட்டுகிற மாதிரி தையல்காரர் செய்து தருவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒரு பக்கம். அவரால் வீட்டுக்கு ஆக வேண்டிய காரியம் என்று ஒன்றாவது இருக்க வேண்டும். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர் ஒருவர், வலது கையும் காலும் விழுந்து நான்கு மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்தார். என்ன பயிற்சி சொன்னாலும் "அப்புறம்". ஒரு நாள் அவர் மனைவி பால்காரரோடு கணக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து இவர் குரல் கொடுத்தார், "பதினோரு நாள் அரை லிட்டர், மூணு நாள் லீவு, கணக்க ஒழுங்காப் போடுங்க." அன்றைக்கே பால், பேப்பர், கேஸ், கரண்டு பில் எல்லாக் கணக்கையும் அவரிடம் ஒப்படைத்தோம். சில்லறை டப்பாவையும் கொடுத்தோம். நாணயங்களை இடது கையால் பிரித்து அடுக்குவார், வலது கை நோட்டைப் பறக்காமல் அழுத்திப் பிடிக்கும். நான் கொடுத்த பயிற்சிகளிலேயே அவர் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான். பயிற்சி என்று அவருக்குத் தெரியாது.

பூண்டு உரிப்பது, துணி மடிப்பது, பேத்திக்கு வாய்ப்பாடு கேட்பது, சாமி விளக்குக்குத் திரி போடுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கும். ஒப்புக்குக் கொடுக்காதீர்கள். அவர் செய்யாவிட்டால் அன்று அந்த வேலை நின்றுபோக வேண்டும்.

தட்டுல வலது பக்கம் மட்டும் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுடுறார். கேட்டா "கூட்டே வைக்கலையே"ங்கிறார். மூளை கலங்கிப் போச்சா?

இல்லை. மூளையின் வலது பாதி பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே உறைக்காது. கண் நன்றாகத்தான் தெரியும். கவனம் அந்தப் பக்கம் போகாது. வாழையிலையில் உப்பு, ஊறுகாய் வைக்கும் இடது ஓரம் அவருக்கு இல்லவே இல்லை. முகத்தில் வலது பாதியை மட்டும் சவரம் செய்துவிட்டு வருவார், இடது தோளை நிலைப்படியில் இடித்துக்கொள்வார். திட்டாதீர்கள், தட்டைப் பாதியில் திருப்பி வையுங்கள். இடது ஓரத்தில் பளிச்சென்று ஒரு சிவப்பு நாடாவை ஒட்டி, "சிவப்பு தெரியுற வரைக்கும் திரும்புங்க" என்று பழக்குங்கள். பேசும்போது மெல்ல மெல்ல இடது பக்கம் நகர்ந்து நின்று பேசுங்கள். சைக்கிள், பைக் சாவியை இப்போதைக்கு அவர் கண்ணில் காட்டாதீர்கள்.

பேச்சு வரல. ஆனா கந்த சஷ்டி கவசம் போட்டா கூடவே சொல்றாங்க. நடிக்கிறாங்களா?

பாவம், நடிப்பு இல்லை. புதிதாக ஒரு வாக்கியம் கட்டுவதற்குப் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பாதி வேண்டும். வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி ஊறிப்போன பாட்டு, எண், கிழமைப் பெயர், சில சமயம் வசவுகூட வேறு வழியாக வெளியே வந்துவிடும். பாட்டின் ராகத்தில் பேச்சைப் பழக்கும் சிகிச்சையே இருக்கிறது. "தண்ணி வேணும்" என்பதை ராகமாக இழுத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். பத்து நொடி காத்திருங்கள். அந்தப் பத்து நொடிக்குள் வீட்டார் மூன்று கேள்வி கேட்டுவிடுவதுதான் நான் பார்க்கும் பெரிய தொல்லை.

எங்கள் பக்கம் ஆண்டிபட்டிக்காரர்கள் எம்.ஜி.ஆர். கதையைச் சொல்வார்கள். 1984 அக்டோபரில் சென்னையில் மருத்துவமனையில் இருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் சிகிச்சையில் இருந்தபடியே அந்தத் தொகுதியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மீண்டும் முதலமைச்சரானார். பேச்சு பழையபடி தெளியவேயில்லை. 1987 டிசம்பரில் இறக்கும் வரை அந்தப் பேச்சோடுதான் பதவியில் இருந்தார். அவரைச் சுற்றி எத்தனை பேர் உதவிக்கு இருந்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் பேச்சு குழறுகிறது என்று யாரும் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை.

சாப்பிடும்போது இருமல் வருது. தண்ணி குடிச்சா இன்னும் அதிகம்.

இதைச் சாதாரணமாக விடாதீர்கள். விழுங்கும் தசை பலவீனமானால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். விழுங்குவதைச் சோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டையோ டாக்டரையோ பாருங்கள். அதுவரை நேராக உட்கார வைத்து, சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். தண்ணீரும் ரசமும் தொண்டையில் வேகமாக ஓடிவிடும், கெட்டியான கஞ்சி ஓடாது. பொரி, முறுக்கு வேண்டாம்.

எதுக்கெடுத்தாலும் அழறார். சீரியல் பாத்து அழறார், சொந்தக்காரங்க வந்தா அழறார்.

இரண்டு வகை இருக்கிறது. பக்கவாதம் மூளையில் அழுகைக்கும் சிரிப்புக்கும் இருக்கும் கடிவாளத்தையே தளர்த்திவிடலாம். திடீரென்று அழுவார், அரை நிமிடத்தில் நின்றுவிடும், "ஏன் அழுதேன்னே தெரியல" என்பார். அப்போது சுற்றி நின்று சமாதானம் செய்யாமல் பேச்சை மாற்றுங்கள். இன்னொன்று மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. தூக்கமில்லை, பசியில்லை, பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, "நான் போய்ச் சேந்துட்டா உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டுக்குமே மாத்திரை இருக்கிறது. சாகிற பேச்சு வந்தால் இரண்டு வாரம் எல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே போங்கள்.

நான் அவருக்குப் பொண்டாட்டியா, நர்ஸான்னே தெரியல. ஒரு வருஷமா எங்கேயும் போகல. இப்படிச் சொல்றதே பாவமா?

பாவமில்லை அக்கா. இந்தக் கேள்வியை அவர் தூங்கிய பிறகு, கேட் வரைக்கும் வழியனுப்ப வரும்போதுதான் எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள்.

பராமரிப்பவரின் பாரத்தை அளக்க ஜாரிட் என்பவர் உருவாக்கிய 22 கேள்விகள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. உங்களுக்கென்று போதிய நேரம் இல்லை என்று தோன்றுகிறதா என்பதும் அதில் ஒன்று. அப்படித் தோன்றுவது நல்ல மனைவிக்கு அழகில்லை என்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, துணையைப் பராமரித்து அந்தப் பாரத்தில் நொந்துபோன முதியவர்கள் நான்கு ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63% அதிகம் என்று கண்டது. பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் பிரஷரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

இன்னொரு ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. அட்டெண்ட் என்று பெயர், 2017-இல் வெளியானது. 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் மறுவாழ்வுச் சிகிச்சை செய்ய வைத்தால் நோயாளி சீக்கிரம் தேறுவாரா என்று பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, பயிற்சி பெற்ற குடும்பங்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. எங்கள் தொழிலுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் "நீ ஒழுங்காப் பயிற்சி குடுத்திருந்தா எங்கண்ணன் நடந்திருப்பான்" என்று நாத்தனார் சொல்லும்போது அந்த ஆய்வு உங்கள் பக்கம் நிற்கிறது. அவர் நடக்காததற்கு நீங்கள் காரணம் இல்லை.

செய்ய வேண்டியதற்கு வருகிறேன். வாரத்தில் ஒரு வேளை, நாள் நேரம் குறித்து, இன்னொருவர் பொறுப்பெடுக்க வேண்டும். "ஏதாவது உதவி வேணுமா" என்று போனில் கேட்கும் மைத்துனரிடம் "ஒண்ணும் வேணாம்" என்று சொல்லாதீர்கள். "ஞாயித்துக்கிழமை நாலு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் அண்ணன்கூட இருங்க" என்று சொல்லுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் வீட்டு வேலை செய்யக் கூடாது. ஒருவர் மனம் சோர்ந்தால் மற்றவர் தேறுவதும் தடைப்படுகிறது, இதை வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். நீங்கள் போய்விட்டு வந்து அவரிடம் சொல்வதற்கு வெளியுலகக் கதை ஒன்று இருக்கும். ஒரு வருடமாக நீங்கள் இருவரும் மாத்திரையையும் மோஷனையும் தவிர எதைப் பற்றிப் பேசினீர்கள்?

தாம்பத்தியம்? கேக்கவே கூச்சமா இருக்கு.

கேட்டது நல்லது. உடம்பு நிலைப்பட்டு, பிரஷர் கட்டுக்குள் வந்த பிறகு பெரும்பாலானவர்களுக்குத் தடை இல்லை. அதனால் மறுபடி பக்கவாதம் வந்துவிடும் என்ற பயம்தான் பல படுக்கைகளைப் பிரிக்கிறது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரைகள் சில ஆர்வத்தைக் குறைக்கும், அதையும் சொல்லுங்கள், மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரே கட்டிலில் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஜன்னல் கம்பியில கப்பி கட்டிக் கையை இழுக்கச் சொன்னாங்க. தோள் வலிக்குதே?

நிறுத்துங்கள். விழுந்த கையின் தோள் மூட்டு தளர்ந்திருக்கும். தலைக்கு மேல் கப்பியில் இழுப்பது வலியைக் கூட்டும் என்பதால் இப்போதைய சிகிச்சை வழிகாட்டுதல்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதே காரணத்துக்காக, எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்காதீர்கள். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். உட்காரும்போது கை தொங்காமல் தலையணை மேல் இருக்கட்டும்.

புறா ரத்தம் தேய்ச்சா கை வந்துடும்னு ஊர்ல சொல்றாங்க.

பாதிப்பு மூளையில். தோலில் எதைத் தேய்த்தாலும் அங்கே போகாது. முதல் மாதங்களில் கை தானாகவே கொஞ்சம் தேறும், அந்தப் பேரைப் புறா வாங்கிக்கொள்கிறது. எண்ணெய் தடவி இதமாக நீவி விடுவதில் தப்பில்லை. சூடு காட்டுவதும் ஒத்தடமும் வேண்டாம், உணர்ச்சியில்லாத தோலில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

கல்யாணம் காட்சிக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

போங்கள். முதல் தடவை கூட்டம் சேரும் முன்னாலேயே போய், ஓரத்தில் கை வைத்த நாற்காலியாகப் பிடித்து, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் அசதி மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. முன்நாள் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். "எப்படி வந்துச்சு, எப்ப வந்துச்சு" என்று நாற்பது பேர் கேட்பார்கள். ஒரே வரியில் ஒரு பதிலை வீட்டிலேயே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பேங்க்ல கையெழுத்து ஒத்து வரலைனு பணம் தர மாட்டேங்கிறாங்க. வேற உதவி எதாவது கிடைக்குமா?

கையெழுத்துப் போட முடியாதவர் கைநாட்டு வைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகைகூட வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. கவுன்டரில் தெரியாது என்றால் மேனேஜரிடம் போங்கள். பென்ஷன் வாங்குகிறவர்களுக்கான உயிர்ச்சான்றை 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், தேவைப்பட்டால் பிசியோவும் வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். ஊனம் 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று மருத்துவர் சான்றளித்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். "அந்த அட்டை வாங்குனா நாம ஊனம்னு ஆயிடும்" என்று மறுக்கிற பெரியவர்கள் உண்டு. வற்புறுத்தாதீர்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி பேசுங்கள்.

திரும்பவும் வந்துடுமா?

வரலாம். பக்கவாதங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று ஏற்கெனவே வந்தவருக்கே வருகிறது. பிரஷர், சுகர், புகையிலை மூன்றிலும் கண் இருக்கட்டும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இத்தனையும் வீட்டுக்காரங்களுக்குச் சொல்றீங்க. வாதம் வந்தது எனக்கு. முப்பது வருஷம் பூ கட்டுனவ நான். ஒத்தக் கையால முடியுமா?

கட்டுவதற்கு இரண்டு கை வேண்டும் அம்மா, கோர்ப்பதற்கு ஒன்று போதும். பாதி உருளைக்கிழங்கை வெட்டிய பக்கம் கீழே வரும்படி ஒரு தட்டில் வையுங்கள், வழுக்கினால் அடியில் ஈரத்துணி. நீளமான பூ ஊசியில் நூலைக் கோர்த்து, காதுப் பக்கத்தைக் கிழங்கில் செருகி, முனை மேலே பார்க்க நிறுத்தச் சொல்லுங்கள். அதை மட்டும் பேத்தி செய்து தரட்டும். மல்லிகையை ஒவ்வொன்றாக எடுத்து முனையில் இறக்குங்கள். ஊசி நிறைந்ததும் பிடுங்கி, பூவை நூலுக்குத் தள்ளிவிட்டு மறுபடி செருகுங்கள். நூல் நுனியைக் கால் கட்டை விரலில் சுற்றிக்கொண்டால் ஓடாது, அது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாள் ஒரு முழத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.